‘அவார்டு படம் மாதிரி இருக்குதுங்க’: சின்னப் படம் பார்த்த சேலம் என்ன சொல்கிறது?

வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணிக் காட்சி. சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு தியேட்டர். படம் தொடங்கும்முன் எண்ணிப் பார்த்தேன், உள்ளே 19 பேர். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத படம். ஏற்காடு மலையிலும் அடிவாரத்திலும் ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்தது. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போன ஒரு பெண், பல வருடம் கழித்துத் தம்பி வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. கடைசியில் அவள் கதவைத் தட்டுகிறாள். கதவு திறப்பதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

விளக்கைப் போட்டார்கள். யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்து, “முடிஞ்சுதா?” என்று கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்து, பின்வரிசைக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போன பிறகுதான் எழுந்தார்கள்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். சாவியை விரலில் மாட்டியபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “படம் நல்லாத்தாங்க எடுத்திருக்காங்க. ஆனா அவார்டு படம் மாதிரி இருக்குதுங்க.”

சின்னப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் சில வருடங்களாகவே இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு வேறு படம், வேறு வேறு ஆட்கள், ஆனால் பதில் ஐந்தாறு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். அவார்டு படம் மாதிரி இருக்கு. லேக் அடிக்குது. டயலாக் சரியாக் கேக்கல. முடிவே சொல்லல. ஓ.டி.டி.ல பாத்துக்கலாம். இந்த வாக்கியங்களைக் கேட்டு ‘நம்ம ஜனத்துக்கு ரசனை இல்லை’ என்று கோபப்படுகிற இயக்குநர்களைப் பார்த்திருக்கிறேன். ‘ஜனங்க வேணாம்னு சொல்லிட்டாங்க’ என்று கையை விரிக்கிற தியேட்டர்க்காரர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் அந்த வாக்கியங்களை முழுசாகக் கேட்கவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் ‘அவார்டு படம்’. இந்தச் சொல் நம் வீடுகளுக்குள் வந்தது தூர்தர்ஷன் வழியாக. 1980களின் பிற்பகுதியிலும் 90களின் தொடக்கத்திலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். வங்காளம், ஒரியா, அசாமி, மலையாளம், கன்னடம் என்று வாரத்துக்கு ஒரு மொழி, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். பெரும்பாலும் தேசிய விருது வாங்கிய படங்கள். மொழியும் புரியாது, எழுத்தும் பாதிப் பேருக்குப் படிக்க வராது. ஆனாலும் வேறு சேனல் கிடையாது, அதனால் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பாயில் படுத்தபடி வீடே அதைப் பார்த்தது. ஒரு மாட்டு வண்டி நீளமான பாதையில் போய்க்கொண்டே இருக்கும். யாராவது ஒருவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பது வயதைத் தாண்டிய தமிழர்களுக்கு ‘அவார்டு படம்’ என்ற சொல்லோடு சேர்ந்து வருவது அந்த மதிய வெயிலும் தூக்கமும்தான். படத்தை மட்டம் தட்டுவதற்காக அவர்கள் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. ‘மரியாதையான விஷயம்தான், ஆனால் என்னை நினைத்து எடுத்தது கிடையாது’ என்று சொல்கிறார்கள். தறிக்காரர் ‘நல்லாத்தாங்க எடுத்திருக்காங்க’ என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ‘ஆனா’ போட்டார். அந்த முதல் பாதியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது ‘டயலாக் கேக்கல’. இதை எல்லாரும் ரசனை சம்பந்தப்பட்ட புகாராக எடுத்துக்கொள்கிறார்கள். பாதிக்குப் பாதி அது எந்திரம் சம்பந்தப்பட்ட புகார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னப் படம் அதிகமாக அடிபடுகிற இடம் இதுதான்.

ஒலிக்கலவைக் கூடத்தில் தியேட்டர் சத்தத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். தியேட்டர் ஒலிக்கருவியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடர் 7 என்ற எண்ணில் இருந்தால்தான் கலவை செய்தவர் கேட்டது நமக்கும் கேட்கும். ஆனால் பெரிய படங்கள் சண்டையும் பாட்டுமாக அவ்வளவு சத்தத்தில் கலக்கப்பட்டு வருவதால், காது வலிக்கிறது என்று ஜனங்கள் சொல்ல, பல தியேட்டர்களில் அதை 5, 4 என்று இறக்கி வைத்திருப்பார்கள். பெரிய படத்துக்கு அது போதும், அங்கே வசனமே உரக்கத்தான் இருக்கும். சின்னப் படத்தில் நேரடி ஒலிப்பதிவு. அம்மாவும் மகளும் அடுப்படியில் பேசினால் அடுப்படிப் பேச்சு மாதிரியே தாழ்வாக இருக்கும். அந்தத் தாழ்வான பேச்சை 4-இல் போட்டால் மூன்றாவது வரிசைக்கு மேல் முணுமுணுப்புதான் வரும். படத்துக்குப் படம் ஃபேடரை ஏற்றி இறக்குகிற ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் இப்போது பல அரங்குகளில் காட்சி நேரத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் படம் தானாக ஓடும், ஓட்டுகிற அறையில் ஆளே இருக்க மாட்டார்.

வெளிச்சமும் அப்படித்தான். திரையில் விழ வேண்டிய ஒளிக்கு 14 ஃபுட் லாம்பர்ட் என்று ஓர் அளவு உண்டு. விளக்கு பழசாகிவிட்டாலோ, சீக்கிரம் தேய்ந்துவிடக் கூடாது என்று மின்சாரத்தைக் குறைத்து எரித்தாலோ அந்த அளவு வராது. பகலில் நடக்கிற பாட்டுக் காட்சிக்கு அது தெரியாது. லாந்தர் வெளிச்சத்தில் எடுத்த காட்சிக்கு நன்றாகத் தெரியும். நான் பார்த்த படத்தில் அந்தப் பெண் மலைப்பாதையில் இருட்டில் இறங்கி வருகிற காட்சி ஒன்று இருக்கிறது. அவள் முகத்தில் பயம் இருந்ததா என்று எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை. பின்னால் ஒரு லேப்டாப்பில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் சிரித்துக்கொண்டு வருகிறாள். காட்சியின் அர்த்தமே மாறிவிட்டது. ‘அந்த எடம் ஒண்ணும் புரியலைங்க’ என்று சொன்னவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் இடைவேளை. தமிழ்ப் படத்துக்கு இடைவேளை என்பது கதையின் ஒரு கட்டம். ஒரு திருப்பத்தை வைத்து, ‘அடுத்து என்ன’ என்ற கேள்வியோடு வெளியே அனுப்புவார்கள். சின்னப் படங்கள் பலவற்றில் அப்படி ஒரு இடமே எழுதப்பட்டிருக்காது. ஆனால் தியேட்டருக்குப் பாப்கார்ன் விற்றாக வேண்டும், டிக்கெட்டை விட கேன்டீனில்தான் அவர்களுக்குக் கொஞ்சம் காசு மிஞ்சுகிறது. அதனால் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் பார்த்த அன்றைக்கு அந்தப் பெண் தண்ணீர்ப் பானையைத் தூக்கித் தலையில் வைக்கப் போகிற நேரத்தில் விளக்கு வந்துவிட்டது. பானை இடுப்பிலேயே நிற்கிறது. இரண்டு பையன்கள் எழுந்து போனார்கள், திரும்பி வரவில்லை. ஐம்பது நிமிடமாக மெல்ல மெல்லச் சேர்ந்த ஒரு மனநிலையைப் பத்து நிமிட விளம்பரம் கலைத்துவிட்டால், மறுபடி அதைச் சேர்க்கப் படத்துக்கு நேரம் இருக்காது. பிற்பாதி ‘லேக்’ என்று சொல்கிறவர்களில் பலர், முற்பாதியில் அதே வேகத்தைப் பொறுமையாகப் பார்த்தவர்கள்தான்.

‘லேக்’ என்ற சொல்லைப் பற்றி எனக்கு நீண்ட யோசனை உண்டு. மெதுவாகப் போகிற எதையும் நம் ஊர் ஜனம் தாங்காது என்ற முடிவை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். மேட்டூர், எடப்பாடி, ஓமலூர் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் பண்டிகைக்குக் கூத்து வைத்தால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும். மேட்டூர் பக்கம் ஏர்வாடியிலிருந்து வருகிற மணல்வீடு இதழ் இந்தக் கூத்துக் கலைஞர்களைப் பற்றி விடாமல் எழுதி வருகிறது. கர்ண மோட்சத்தில் கர்ணன் போருக்குப் போகும்முன் பொன்னுருவியிடம் விடைபெறுகிற கட்டம் இருக்கிறதே, அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடுகிற ஜமாக்களை, அதாவது கூத்துக் குழுக்களை, பார்த்திருக்கிறேன். அவன் கிளம்புவான், அவள் மறிப்பாள், மறுபடி கிளம்புவான். சாக்கு விரித்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் பிள்ளை தூங்க, பெண்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய் ‘லேக்’ என்று யாரும் சொல்ல முடியாது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், கூத்து பார்க்கிறவருக்குக் கதை தெரியும். கர்ணன் சாகப் போகிறான் என்று அவன் மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே தெரியும். போதாததற்குக் கட்டியக்காரன் வந்து, இப்போது யார் வருகிறார், என்ன நடக்கப் போகிறது என்று வேறு சொல்லிவிடுகிறான். ‘என்ன நடக்கும்’ என்ற கவலை தீர்ந்துவிடுவதால், ‘எப்படி நடக்கிறது’ என்பதை நிதானமாகப் பார்க்க முடிகிறது. கதை தெரியாமல் மெதுவாகப் போகும்போது மனது வேறு வேலை செய்கிறது. இந்த ஆள் ஏன் இவ்வளவு நேரம் ஜன்னலைப் பார்க்கிறான், வெளியே யாராவது வரப் போகிறார்களா, நாம் எதையாவது விட்டுவிட்டோமா என்று தேடிக்கொண்டே இருக்கும். தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் களைத்துப்போய்ச் சொல்கிற சொல்தான் ‘லேக்’. பெரிய படத்தில் இந்தக் கஷ்டம் கிடையாது. டிரெய்லர், பாட்டு, நடிகரின் பழைய படங்கள் எல்லாம் சேர்ந்து கட்டியக்காரன் வேலையை முன்கூட்டியே செய்துவிடுகின்றன. சின்னப் படத்துக்கு அந்த ஆள் கிடையாது. கதையை வெளியே விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் இயக்குநரே மறைத்துவிடுகிறார்.

இது சேலத்துக்கு மட்டும் உள்ள கதை கிடையாது. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம், 1970களின் கடைசியிலிருந்து, படம் வெளியாகிற முதல் நாள் இரவு தியேட்டர் வாசலில் அட்டை கொடுத்து ஏ, பி, சி என்று மதிப்பெண் வாங்குகிறது. 1999-இல் வந்த ‘பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ மிகச் சொற்பச் செலவில் எடுத்த பேய்ப்படம், உலகம் முழுவதும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வாசலில் அதற்குக் கிடைத்தது சி பிளஸ். பேயைப் பார்க்க வந்தவர்களுக்குக் கடைசிவரை பேயைக் காட்டவில்லை. வாசலில் எடுக்கிற மதிப்பெண், வந்தவர் நினைத்து வந்ததும் அவருக்குக் கிடைத்ததும் எவ்வளவு ஒத்துப்போயின என்பதைத்தான் அதிகம் காட்டும். படத்தின் தரம் அதில் ஒரு பங்குதான்.

நம் பக்கத்தில் இதைப் பளிச்சென்று காட்டியது 2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி வெளியான ‘கொட்டுக்காளி’. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கியது, அந்த வருடம் பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய் வந்தது. பின்னணி இசை கிடையாது, முடிவைப் பார்க்கிறவரிடமே விட்டுவிடுகிறது. ஆனால் சூரி நடித்திருக்கிறார், சிவகார்த்திகேயன் தயாரித்திருக்கிறார். அந்த இரண்டு பெயரையும் நம்பி வந்தவர்கள் ஒரு மாதிரியும், பெர்லின் என்ற பெயரைக் கேட்டு வந்தவர்கள் வேறு மாதிரியும் பேசினார்கள். ஒரே அரங்கில் ‘இது படமா’ என்றும் ‘இதுதான் படம்’ என்றும் கேட்டது. தியேட்டருக்கே வந்திருக்க வேண்டாம் என்று திரைத்துறைக்குள்ளேயே சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே இயக்குநரின் முதல் படம் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போனது. அப்படியும் தியேட்டருக்கு வராமல் 2023 அக்டோபரில் நேராக ஓ.டி.டி.க்குத்தான் வந்தது. எழுபத்தைந்து நிமிடப் படம். அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிற நடை. அதைப் போனில் பார்த்த என் உறவுக்காரர் ஒருவர், மூன்று தடவையாக நிறுத்தி நிறுத்திப் பார்த்ததாகச் சொன்னார். நல்ல படம் என்றும் சொன்னார். அந்த வெயில் அவர்மேல் விழுந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

சரி, வியாபாரக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் ஜனம் சொல்வதைக் கேட்கக்கூட நேரம் இருக்கிறதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சினிமா வியாபாரத்தில் சேலம் ஒரு தனி ஏரியா. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டமும் அதற்குள் வரும். பழைய ஒன்றுபட்ட சேலம் மாவட்டத்தின் எல்லையை விநியோகஸ்தர்கள் இன்னும் விடவில்லை. பெரிய படம் என்றால் இந்த ஏரியாவுக்கு எம்.ஜி. என்ற குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கைமாறும். போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்பதற்காகவே படத்தைப் பிடித்து வைத்து ஓட்டுவார்கள். சின்னப் படத்தை யாரும் அப்படி வாங்குவதில்லை. வருகிற வசூலில் பங்கு என்ற அளவில்தான் தியேட்டர் கிடைக்கும். அதற்கும் முன்னால், டிஜிட்டலில் படத்தைத் திரைக்குக் கொண்டு சேர்க்கிற நிறுவனத்துக்கு ஒவ்வொரு அரங்குக்கும் இவ்வளவு என்று தயாரிப்பாளர் கட்டணம் கட்ட வேண்டும். காட்சியும் காலை பதினொன்றரை அல்லது மதியம் இரண்டரைதான். தறிக்காரருக்கும் கொலுசுப் பட்டறைக்காரருக்கும் அது வேலை நேரம். பத்துப் பேர்கூட வரவில்லை என்றால் அந்தக் காட்சி ரத்து. வெள்ளிக்கிழமை இரண்டு காட்சி, ஞாயிற்றுக்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை படம் இல்லை.

மவுத் டாக் நல்லா இருந்தா பிக்கப் ஆகிவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் வாய்ப்பேச்சு பரவ நாள் வேண்டும். 1955 ஆகஸ்டில் கல்கத்தாவில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ வெளியானபோது ஆரம்பத்தில் கூட்டம் இல்லை. ஒன்றிரண்டு வாரத்தில் ஒருவர் சொல்லி ஒருவர் வந்து அரங்கு நிறைந்தது. அந்த ஒன்றிரண்டு வாரம் கிடைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இன்றைக்குச் சேலத்தில் படம் நன்றாக இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை பார்த்தவர் தன் பக்கத்துத் தறிக்காரரிடம் திங்கள்கிழமை சொன்னால், அவர் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைப்பார். அந்த ஞாயிறு வருவதற்குள் படம் போய்விடும். ‘ஓ.டி.டி.ல பாத்துக்கலாம்’ என்று ஜனம் சொல்வதை அலட்சியம் என்று எழுதுகிறார்கள். தியேட்டரில் இருக்காது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

வாசலில் மைக்கை நீட்டிக் கேட்கிற பப்ளிக் ரிவ்யூ பற்றி இங்கே சொல்ல வேண்டும். 2024 கடைசியில் சில பெரிய படங்கள் அடிவாங்கியதும், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. வெளியான முதல் 3 நாளைக்கு விமர்சனத்துக்கே தடை வேண்டும் என்று இன்னொரு தயாரிப்பாளர் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தச் சண்டை முழுக்கப் பெரிய படங்களின் சண்டை. சின்னப் படம் ஓடுகிற தியேட்டர் வாசலுக்கு மைக்கே வருவதில்லை. திட்டுகிறவர்கூட இல்லை என்பதுதான் அந்த இயக்குநர்களின் குறை.

இவ்வளவும் சேலத்தில் நடப்பதில் எனக்குத் தனி வருத்தம் உண்டு. ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1937-இல் ‘சதி அகல்யா’வில் தொடங்கி, 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’, 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று எடுத்த ஸ்டுடியோ. என் பாட்டி காலத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஷூட்டிங் என்பது பக்கத்துத் தெரு சமாச்சாரம். கூட்டக் காட்சியில் நின்றுவிட்டு வந்து, தியேட்டரில் தன்னைத் தேடுவார்களாம். படத்தோடு இவ்வளவு நெருக்கமாக இருந்த ஊரை பெருநகரத்துக்கு அடுத்தபடியான ‘பி சென்டர், சி சென்டர்’ என்று எழுதி, இவர்களுக்குப் புரியாது என்று முடிவு செய்வது சரியில்லை.

புரியும் என்பதை நான் மலைமேல் பார்த்தேன்.

அந்தப் படம் தியேட்டரை விட்டுப் போன சில வாரம் கழித்து, படம்பிடித்த ஊரிலேயே போட்டுக் காட்ட வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டைத் தாண்டி, நாகலூர் போகிற பாதையில் ஒரு சின்ன ஊர். சமுதாயக் கூடத்தில் வெள்ளை வேட்டியை இரண்டாகச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினார்கள். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர். காப்பித் தோட்டத்தில் வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்த பெண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வாசலிலும் திண்ணையிலும். எழுபது எண்பது பேர் இருக்கும். தொடங்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. குளிர் வேறு. யாராவது எழுந்து போய்விடுவார்களோ என்ற பயத்தில் அந்த இயக்குநர் இருட்டிலேயே நின்று பேச ஆரம்பித்தார். வேறு பேச எதுவும் தோன்றாமல் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டை விட்டுப் போன ஒரு அக்கா, கோபத்தில் இருக்கிற தம்பி, அவள் திரும்பி வருகிற நாள். கடைசியில் கதவைத் தட்டுவாள், திறந்தார்களா இல்லையா என்று நான் காட்டவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பது வரை சொல்லிவிட்டார். ஒரு பாட்டி இருட்டிலிருந்து, “ஏங் கண்ணு, காட்டுனா என்ன?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கரண்ட் வந்தது.

இடைவேளை விடாமல் படம் முழுக்க ஓடியது. பேச்சும் சிரிப்பும் இருந்துகொண்டே இருந்தது, தியேட்டரில் இருந்த இறுக்கம் இல்லை. அந்தப் பெண் தோட்டத்தில் பழம் எடுக்கிற காட்சி வந்ததும் முன்வரிசை கொந்தளித்துவிட்டது. நடிகை கிளையைப் பிடித்துப் பச்சையும் சிவப்புமாக ஒரே உருவாக உருவுகிறார். “அய்யோ, காயெல்லாம் போச்சு பாரு!” “ரைட்டரு பாத்தா இவளுக்கு நாளைக்கு வேல இல்ல!” ரைட்டர் என்றால் தோட்டத்தில் வேலையை மேற்பார்வை செய்கிறவர். காப்பியில் பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும், காயை விட்டுவைத்தால்தான் அடுத்த சுற்றுக்குப் பழுக்கும். ஒரு விமர்சனமும் இதைச் சொல்லவில்லை. இயக்குநர் சுவர் ஓரம் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

சேலத்தில் ‘லேக்’ என்று சொல்லப்பட்ட நடை, அவள் மலைப்பாதையில் ஒன்பது நிமிடம் இறங்கி வருகிறாளே, அது வந்தபோது கூடம் அடங்கிவிட்டது. அவள் எங்கே போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாதையும் தெரியும். “இப்ப அந்த வளைவு வரும்” என்று ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். கதவைத் தட்டிப் படம் முடிந்ததும் ‘முடிஞ்சுதா’ என்று ஒருவரும் கேட்கவில்லை. திறந்திருப்பான், தம்பிதானே என்று ஒரு கூட்டம். மாட்டான், அவன் பொண்டாட்டி விடமாட்டாள் என்று இன்னொரு கூட்டம். அந்தப் பாட்டி மட்டும், “தம்பி தெறக்கலைன்னா அவ ராத்திரி எங்க போவா, கடைசி பஸ்சும் போயிருச்சே” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்படக் குழுவில் இருந்த அவருடைய நண்பர்களும் 1980களில் ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டு, பார்க்கிறவர்களிடமே பணம் திரட்டி ‘அம்மா அறியான்’ எடுத்தார்கள். 1986-இல் அதையும் அப்படியே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நம் பக்கம் தமுஎகச என்கிற தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத் தோழர்கள் பல ஊர்களில் படம் போட்டுப் பேசவைத்திருக்கிறார்கள். இப்படிப் போட்டுக் காட்டுவதால் போட்ட காசு திரும்பி வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மலைமேல் உண்டியலில் விழுந்தது புரொஜெக்டர் வாடகைக்குக்கூடப் போதவில்லை. தியேட்டரும் வேண்டும், காலை பதினொன்றரைக்குப் பதில் ஞாயிறு மாலை ஒரே ஒரு காட்சி, அதையே நான்கு வாரம் கொடுத்தால்கூடப் போதும் என்று அந்த இயக்குநர் கேட்டுப் பார்த்தார். இதுவரை ஒரு இடமும் சரி என்று சொல்லவில்லை.

போன மாதம் அம்மாப்பேட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில், தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். ஸ்பீக்கரை இயக்குநரே நின்று சரிபார்த்தார், முதலில் கதையைச் சொன்னார். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு தெரிந்த முதுகு. அந்தத் தறிக்காரர்தான். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படம் முழுக்க அவர் குனிந்து குனிந்து வீட்டம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி நடை வந்தபோது அவர் குரல் எனக்கே கேட்டது.

“இப்பப் பாரு, கதவத் தட்டுவா.”

“தெறப்பாங்களா?”

“பாரு, பாரு.”